இரண்டு தங்கப்பன்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில், படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப்போய்க் கவனிக்கும் சின்ன தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை பாண்டிச்செல்விக்கு. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவள்தான்.

கம்ப்யூட்டரில் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் நோயாளிகளின் பதிவு எண்ணும் பெயரும் விலாசமும். மற்றதில் எந்த நர்ஸ் எந்த வீட்டுக்குப் போனாள், என்ன செய்தாள் என்ற விவரம். ஒருவரைப் பற்றி அறிய இதிலிருந்து அதற்குத் தாவித் தேட வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

"செல்வி சேச்சி, முனியாயியம்மாவுக்குக் கடைசியா புண்ணு கட்டினது ஆரு?" என்று நர்ஸ் சுமா வாசலில் நின்றபடியே கேட்பாள். செல்வி திரையைப் பார்க்காமலே சொல்வாள். டாக்டர் ராமபத்ரனும் "செல்வியைக் கேளுங்க" என்பார். அந்த வார்த்தைக்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வந்திருக்கிறாள்.

ஷபானா வந்து சேர்ந்ததும் அதெல்லாம் போயிற்று. கல்லூரியை அப்போதுதான் முடித்த பெண். வந்த வேகத்தில் இரண்டு அட்டவணைகளையும் இணைத்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி. அதைத் தட்டினால் பெயருக்குக் கீழேயே அந்த நோயாளியின் விவரமெல்லாம் விரிந்தது.

"மிடுக்கி! கெட்டிக்காரி!" என்று சுமா ஷபானாவின் கன்னத்தைக் கிள்ளினாள். செல்விக்கு வயிறு எரிந்தது. தன்னை ஒருநாளும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதன்பின் ஷபானா சிரித்தாலும் பிடிக்கவில்லை, சாயா வாங்கி வந்து நீட்டினாலும் பிடிக்கவில்லை. கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் குற்றம் தேடினாள்.

கிடைத்தது. நோயாளியின் பதிவு எண்ணை வைத்து இணைக்காமல் பெயரை வைத்து இணைத்திருந்தாள் ஷபானா. செர்லாயில் ஒரு தங்கப்பன், சுள்ளிக்கல்லில் ஒரு தங்கப்பன். எவரைத் தட்டினாலும் இருவர் விவரமும் கலந்து விழுந்தது. செல்வி யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டர் முன்னால் மாட்டட்டும் என்று காத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் சுமா திரையைப் பார்த்துவிட்டு, "செர்லாய் தங்கப்பன் சேட்டனுக்கு மூத்திர டியூப் நேத்தே மாத்தியாச்சே. இன்னிக்கு அங்க போக வேண்டாம்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாற்றியது சுள்ளிக்கல் தங்கப்பனுக்கு. செல்விக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. சாயங்காலம் ஷபானா வாங்கப்போகும் திட்டைக் கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தக் கற்பனைக்குள் செர்லாய் தங்கப்பன் வந்துவிட்டார். பக்கவாதம் வந்து பேச்சு போனவர். டியூப் அடைத்தால் வலி என்று சொல்லக்கூட முடியாது. பக்கத்தில் அவர் மனைவி நீலாம்பாள் ஒன்றும் புரியாமல் விசிறிக்கொண்டிருப்பாள்.

போனை எடுத்தாள். "சுமா, அது வேற தங்கப்பன். நீ செர்லாய்க்குப் போ. இப்பவே போ."

மத்தியானம் திரும்பி வந்த சுமா, "வயிறு உப்பிக் கிடந்தாரு சேச்சி. நல்ல வேளை போன்ல விளிச்சீங்க" என்றாள்.

எல்லோரும் திரையைச் சுற்றி நிற்க, இருவர் விவரமும் கலந்து விழுவதைச் செல்வி தட்டிக் காட்டினாள். ஷபானாவின் முகம் வெளுத்தது. இந்த முகத்துக்காகத்தான் செல்வி காத்திருந்தாள். பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. ஷபானா பழைய இணைப்பை எடுத்துவிட்டு எண்ணை வைத்து இணைத்தாள். இரண்டு தங்கப்பன்களும் பிரிந்தார்கள்.

"எவ்வளவு சீக்கிரம் சரி பண்ணிட்டா, பாருங்க!" என்றார் டாக்டர், ஷபானாவைப் பார்த்து. செல்விக்கு மறுபடி எரிந்தது.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க சேச்சி?" என்று ஷபானா கேட்டாள்.

"இன்னிக்குத்தான்" என்றாள் செல்வி. பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த இணைப்பு எப்படிப் போடறது, காட்டு" என்றாள்.

ஷபானா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரமே, ஒவ்வொரு வருகைக்குக் கீழும் கொடுத்த மருந்துகள் விரியும்படி செல்வி தானாகவே செய்துவிட்டாள். ஷபானாதான் முதலில் கவனித்தாள். ஓடிப்போய் எல்லோரையும் கூட்டி வந்து காட்டினாள்.

என் வேலையைக் காட்ட இவள் யார் என்று செல்விக்குக் கோபம் வந்தது.