குவாதலூப்பில் முதல் இலை

வேலையில் இருந்த காலம் முழுக்க மேற்கிந்தியத் தீவுகளைச் சுவர் வரைபடத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டியவள் நான். நீலத்தில் கடுகு சிந்தியது போலக் கிடக்கும். "கரும்பு, வாழை, புயல்" என்று சொல்லி முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பரீட்சையில் அதிலிருந்து பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தக் கடுகுகளில் ஒன்றில் என் மகள் குடித்தனம் நடத்துவாள் என்று யார் கண்டது?

மாப்பிள்ளை பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிரான்ஸுக்குச் சொந்தமான அந்தத் தீவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மகளுக்குப் பிரசவம் என்று பிரசவ மருந்தும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு போனவள், மூன்று மாதம் குவாதலூப்பில் இருந்தேன். பேரன் தூங்கும் பிள்ளை. எனக்குத்தான் பொழுது போகவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளை என்னைக் காரில் ஏற்றிக்கொள்வார்.

"பீச்சுக்கெல்லாம் டூரிஸ்ட் போவான் அத்தை. நீங்க டீச்சர். உங்களுக்கு வேற எடம் காட்டுறேன்" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, காட்டினார். மோர்ன்-அ-லோ என்கிற ஊரில் ஒரு மலைச்சரிவு முழுக்கக் கல்லறை. ஒவ்வொன்றும் சின்ன வீடு போல, கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்து. மதுரையில் விளாங்குடிப் பக்கம் நாம் குடியிருக்கக் கட்டுவதைவிடச் செத்தவர்களுக்கு நல்ல வீடு. கரும்புக் காட்டுக்கு நடுவே இறக்கை உதிர்ந்த பழைய காற்றாலைகள் மொட்டைக் கோபுரமாக நின்றன. பெத்தி-கனால் என்ற ஊரில், தேவாலயத்துக்கு ஏறிப்போகும் கல் படிகள். அவற்றின் ஓரத்தில் ஆப்பிரிக்காவின் எந்தெந்த இனத்தாரைப் பிடித்துவந்து அடிமையாக விற்றார்களோ, அந்த இனங்களின் பெயர்கள். அந்தப் படிகளில் ஏறும்போது எனக்குக் கால் கூசியது. கரும்பு என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, அதை வெட்டியது யார் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு உங்க ஊர்க்காரரைப் பாக்கப் போறோம் அத்தை" என்றார்.

காபெஸ்தேர் பக்கம் வாழைத்தோட்டத்துக்குள் ஒரு சின்னக் கோயில். மூங்கிலில் உயரமாகக் கொடிகள். உள்ளே குதிரைமேல் கத்தியோடு, மீசை முறுக்கி, மதுரை வீரன். மதுரையில் மீனாட்சி கோயில் கீழக்கோபுர வாசலில் நிற்கிறவர். அந்த வழியாகத்தான் புதுமண்டபத்துக்குத் துணி தைக்கக் கொடுக்கப் போவேன், நின்று பார்த்ததில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுபோன கூலிகளோடு அவரும் போயிருக்கிறார். பூசாரி தமிழில் ராகம் போட்டுப் பாடினார். ஒரு வரிக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. என்னிடம் கேட்டார். பாதி எனக்கும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

நான் மதுரை என்று மாப்பிள்ளை சொன்னதும் அங்கே ஒரு ஆரவாரம். கோயிலை வைத்து நடத்துகிற வீட்டம்மாவுக்கு என் வயசு இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கரும்புச்சாறு கொடுத்தார்கள், இரண்டு டம்ளர் குடித்தேன். அந்த அம்மாவின் மகனுக்கு மூன்று வயதுக் குழந்தை, இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குப் பாரிஸுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்காகத்தான் அன்று நேர்த்திக்கடன், கிடா வெட்டு. குழந்தையின் அம்மா கறுப்பினப் பெண், சமையல் பாதி அவள் கையால்தான். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. வீரனுக்குப் படைத்த இலையை அவள்தான் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். சோறு, கிடாக்கறிக் குழம்பு, வாழைக்காய்.

சாமியின் ஊரிலிருந்து வந்தவர் முதல் இலையில் உட்கார்ந்தால் சாமியே உட்கார்ந்த மாதிரி என்று பூசாரி சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாங்கள் புராட்டஸ்டன்ட், படைத்ததைச் சாப்பிட மாட்டோம். மதுரையில் எங்கள் கோச்சடையில் இது ஒரு விஷயமே இல்லை. ஆடிக்கூழோ சுண்டலோ எதுவானாலும் பக்கத்து வீட்டம்மா, "டீச்சர், இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது" என்று தூக்குவாளியை நீட்டுவார். மறந்துபோய்ப் படைத்ததைக் கொண்டுவந்தால் நான் "சுகரு கூடிருச்சுங்க" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுபோவார். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

அதே வாய்ப்பாட்டை அங்கேயும் ஒப்பித்தேன். இலைமேல் கையை வைத்து மறித்து, "மாப்ள, சுகருன்னு சொல்லிருங்க" என்றேன். அவர் கத்தோலிக்கர், அவருக்கு எதுவும் தடையில்லை. அடுத்த இலையில் ஒரு வெட்டு வெட்டினார். அந்தப் பெண் என் இலையை எடுத்துக்கொண்டு போனாள். சிரிப்பு போயிருந்தது. புரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னார்.

"அத்தை, அன்னைக்கு நீங்க சாப்பிடாததை அவங்க வேற மாதிரி எடுத்துட்டாங்க. கரும்புச்சாறு ரெண்டு டம்ளர் குடிச்சவங்களுக்கு என்ன சுகர்னு பூசாரி கேட்டாராம். வீரன் படையலை ஒத்துக்கல, அதான் அவரோட ஊர்க்காரம்மா தொடலன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மறுபடியும் முதல்லேருந்து செய்றாங்க. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மகள் பாய்ந்தாள். "ஏம்மா, கோச்சடைன்னா தனியா எடுத்து வைப்பாங்க. இங்க யாரு வைப்பா? அம்புட்டுப் பேரு முன்னாடி கைய வச்சு மறிச்சுட்டு வந்திருக்க. பிள்ளைக்கு ஆபரேஷன்மா!"

அவள் கேட்டதில் தப்பில்லை. அன்று முழுக்க ஜெபம் பண்ணினேன். என் வைராக்கியம் பெரிசா, ஒரு பிள்ளையின் காரியம் பெரிசா? சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். ஆண்டவரிடம் நான் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன், அதோடு இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நம்பினேன். எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை அதே கொடி, அதே பாட்டு, இன்னொரு கிடா. ஆனால் அடுப்படியில் அந்தப் பெண் இல்லை. தூரத்தில் மாமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் அங்க உக்காந்திருக்கு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் விசாரித்து வந்து சொன்னார். நேர்த்திக்கடன் செய்கிற வீட்டில் சமைக்கிறவர்கள் சில நாள் முன்பிருந்தே கறி, மீன் சாப்பிடாமல் விரதம் இருக்க வேண்டும். போன வாரம் அவள் விரதத்தில்தான் ஏதோ குறை, அவள் கை பட்டதால்தான் மதுரையம்மா இலையைத் தொடவில்லை என்று ஆகியிருக்கிறது. இந்தத் தடவை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் அவரைத் தண்ணீர்ப் பானையைத் தொட விட மாட்டார்கள். இரண்டு கையையும் குவித்து நின்றால் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். கடல் தாண்டிப் போய் ஒரு பெண்ணின் கைச்சோற்றை ஊர் பார்க்கத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

நேரே கோயில் வீட்டம்மாவிடம் போனேன். "மாப்ள, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. நான் கிறிஸ்தவச்சி. படைச்சதைத் தின்ன மாட்டேன். சுகருன்னு சொன்னது பொய். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் சொன்னார். அந்த அம்மா முதலில் விழித்தார், பிறகு சிரித்தார். கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினார், சிலுவை. பூசாரியும் தன்னுடையதைக் காட்டினார். அங்கே எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

"கிறிஸ்தவங்களா இருந்தா சாப்பிடக்கூடாதா, நாங்க சாப்பிடலையான்னு கேக்குறாங்க அத்தை. நீங்க நல்ல மனசுக்காரங்களாம். மருமகளைக் காப்பாத்துறதுக்காக இப்படிச் சொல்றீங்களாம்."

வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை. மாமரத்தடிக்குப் போனேன். "வா, நீயே வந்து பரிமாறு. உன் கையாலதான் சாப்பிடுவேன்" என்றேன். மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கண் கலங்கி, மெதுவான குரலில் அவரிடம் என்னவோ சொன்னாள்.

"விரத நாள்ல பிள்ளை மிச்சம் வச்ச மீன் வடையை ஞாபகம் இல்லாம வாயில போட்டுட்டேன்னு நினைக்கிறாங்க. நிச்சயமாத் தெரியலையாம், ஆனா போட்டிருப்பேன்னு தோணுதாம். செவ்வாக்கிழமை பாரிஸ் ஃபிளைட். வேண்டாம், மாமியாரே பரிமாறட்டும்னு கெஞ்சுறாங்க."

பிள்ளை மிச்சம் வைத்ததை வாயில் போடாத தாய் எங்கே இருக்கிறாள்? இல்லாத குற்றத்தைத் தன்னிடத்தில் தேடித் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

முதல் இலையில் உட்கார்ந்தேன். மாமியார் பரிமாறினார். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாவிட்டால் பிள்ளையின் நேர்த்தி பழுதாகிவிடும். சாப்பிட்டால் போன வாரக் குற்றம் அவளுடையதுதான் என்று நானே சாட்சி சொன்ன மாதிரி. குழம்பு நன்றாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். முதல் கவளம் வாய்க்குப் போனதும் கை தட்டினார்கள், பூசாரி பாட்டெடுத்தார். மாமரத்தைப் பார்த்தேன். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ஊர் திரும்பி வருஷம் ஒன்றாகிறது. போன வாரம் மகள் போனில் சொன்னாள். அந்தப் பிள்ளை இப்போது ஓடியாடி விளையாடுகிறானாம். நன்றிக்கடனாக அதே கோயிலில் பெரிய விருந்து வைத்தார்களாம், மகளும் மாப்பிள்ளையும் போயிருக்கிறார்கள்.

"அவ சமைச்சாளா?" என்று கேட்டேன்.

"எங்கேம்மா? அவளை யாரும் ஒண்ணும் சொல்லலை. அவளாத்தான் போயி மரத்தடியில உக்காந்துக்கிட்டா."