மாமாவின் தலைகீழ்ப் பெட்டி

என் அத்தையைக் கட்டிய மாமா வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். இரண்டு படி இறங்கியதும் திரும்ப ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். தன் கையையே அப்படிச் சந்தேகப்படுகிற மனிதர் பிறத்தியாரை எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில வருடங்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே ஒரு பையோடு அவர்கள் வீட்டு மாடி அறைக்கு நான் வந்து சேர்ந்த அன்று, சாப்பிட்டாயா என்று அத்தை கேட்டாள். மாமா கேட்டது வேறு.

"உன்னைத் தேடிட்டு யாராவது வருவாங்களா?"

"இல்ல மாமா."

"அப்ப எதுக்குத் திரும்பி வந்த?"

"அலுத்துப் போச்சு."

அவர் நம்பவில்லை. ஒரு வாரம் வரை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் என் முகத்தைத்தான் பார்த்தார்.

இளவயதில் அவருக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. யார் பேசினாலும் நடுவில் ஒருவன் காதை வைக்கலாம் என்பதை அங்கே கண்ணால் கண்டிருக்கிறார். தன் பேச்சையும் மேலதிகாரி ஒட்டுக்கேட்கிறார் என்று சொல்லி வேலையை உதறிவிட்டு வந்தார். அது நிஜமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறகு வீட்டின் கீழ் அறையிலேயே ரேடியோ செட்டுகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். அத்தையின் தம்பி, எனக்குச் சித்தப்பா, கூட வந்து சேர்ந்துகொண்டார். கணக்கு மாமாவுடையது, ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டர் வேலை சித்தப்பாவுடையது.

அவர்கள் இருவருமாகச் செய்ததுதான் அந்தப் பெட்டி. டாக்ஸிக் கம்பெனி ஒன்று தன் ரேடியோ பேச்சை வெளியார் கேட்கக் கூடாது என்று கேட்டதற்காகச் செய்தது. மாமா எனக்கு விளக்கினார். நாம் பேசும் குரலை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்களாக்கிக்கொள்கிறது பெட்டி. அந்த வரிசையில் ஒன்று விட்டு ஒன்றை மட்டும் கூட்டலைக் கழித்தலாக, கழித்தலைக் கூட்டலாக மாற்றுகிறது. வேறு வேலை எதுவும் செய்வதில்லை.

"அவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவுதான். இங்க வந்து பாரு."

கணினித் திரையில் ஃபூரியர் கணக்கு போட்ட படம் இருந்தது. ஒரு குரலுக்குள் எந்தெந்தச் சுருதி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டும் படம். கனத்த சுருதிகள் இடது பக்கம் குன்றுகளாக நின்றன, கீச்சுச் சுருதிகள் வலது பக்கம் சிறு மேடுகளாகப் படுத்திருந்தன. பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். குன்றுகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல வலது பக்கம் போய்விட்டன. கனமானது கீச்சாகவும் கீச்சு கனமாகவும் மாறி, ஸ்பீக்கரில் வாத்துக் கூட்டம் சண்டை போடுவது போல ஒரு குளறல் வந்தது. கேட்கிறவர் பக்கம் இருக்கும் பெட்டி அதே வேலையை மறுபடி செய்தால் குரல் நேராகிவிடும்.

"ஒரு பய கண்டுபிடிக்க முடியாது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு நம்பிக்கை வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அதனால்தான் டாக்ஸி முதலாளி வந்து நின்றபோது அவர் ஆட்டம் கண்டுவிட்டார்.

"சார், சவாரி கூப்பிட்ட இடத்துக்கு எங்க வண்டி போறதுக்குள்ள எதிர்க் கம்பெனிக்காரன் வண்டி போய் நிக்குது. ஒரு தரம்னா சரி. தினமும் நடக்குது. உங்க ரகசியத்த யாரோ வித்துட்டாங்க."

ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தன்னைக் கழித்தார், மிஞ்சியது சித்தப்பா. எதிர்க் கம்பெனி டிரைவர் ஒருவனோடு சித்தப்பா டீ குடித்ததை மாமாவே பார்த்திருந்தார். அது போதாதா?

"நீ நாலு இடம் பாத்தவ. அவன்கிட்டப் பேச்சுக் குடுத்துப் பாரு. அத்தை காதுக்குப் போக வேண்டாம்" என்று என்னை ஏவினார்.

கீழ் அறைக்குப் போய்ச் சித்தப்பாவின் மேஜை ஓரமாக உட்கார்ந்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"வேவு பாக்க அனுப்பிட்டாரா?"

"ஆமா."

"என்ன தர்றார்?"

"மாடி ரூம்."

"அப்ப ஒழுங்கா பாரு. இல்லன்னா காலி பண்ணச் சொல்லிடுவார்."

"அந்த டிரைவரோட டீ குடிச்சீங்களாமே சித்தப்பா?"

"அந்த டீக்கடையில இருக்கறது ஒரே பெஞ்சு. அவன் என் மடியிலயா உக்காருவான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் எழுந்ததும் அவர் மேஜை இழுப்பறையைச் சட்டென்று மூடினார். உள்ளே என்ன இருந்தது என்று படியேறும்வரை யோசித்தேன். அந்த வீட்டுக் காற்று எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மாமா முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் காலை, பெட்டி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதிப்பதாகச் சொல்லி ஒரு டாக்ஸியில் ஏறிப் போனார். தன் அலுவலகத்தில் இருக்கும் முதலாளியோடு ரேடியோவில் பேசிப் பார்ப்பதாக ஏற்பாடு. கீழ் அறையில் இருந்த செட்டில் சிக்னலைக் காட்டும் முள் எப்போது தளர்கிறது என்று குறித்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார். அந்த செட்டின் ஸ்பீக்கரில் வெறும் குளறல் மட்டும்தான் வரும். பெட்டியை அதன் மைக்கோடு மட்டும்தான் இணைத்திருந்தார், ஸ்பீக்கரோடு இல்லை. சித்தப்பா வெளியே போயிருந்தார். அத்தை வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கடைக்காகப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்துகள் கத்தின. முள் ஆடியது. நான் கொட்டாவி விட்டேன்.

அத்தையின் ஊசி பாதித் துணியில் நின்றது.

"போலீசா?" என்றாள்.

"என்ன அத்தை?"

"தம்பி மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம். இன்னிக்குச் சாயங்காலமே. முதலாளியும் கூட வர்றாராம்."

"யாரு சொன்னா?"

"இப்ப சொன்னாரே, கேக்கல?"

ஸ்பீக்கரைப் பார்த்தேன். குவாக், குவீக் என்றது.

"அத்தை, இதுல ஒரு எழுத்துகூடப் புரியலையே."

"உனக்கு எப்படிப் புரியும்? நீ வந்து ஒரு மாசம்கூட ஆகல. பெட்டி சரியா வேலை செய்யுதான்னு பாக்க எத்தனை வருஷமா பேப்பரப் படிச்சுப் படிச்சு இதுல விட்டிருக்கார் தெரியுமா? முதல்ல கோணலா வரும், அப்புறம் நேரா வரும். ரெண்டும் என் காதுலதான் விழுந்துட்டிருந்தது. பேசறப்ப இழுக்கற இடத்துல இதுவும் இழுக்குது, நிறுத்தற இடத்துல நிறுத்துது. வாய்தான் வேற."

சட்டையை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து வந்து மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"ஏங்க, நான்தான். நீங்க பேசினது முழுக்கக் கேட்டுது. தம்பி பேர ஸ்டேஷன்ல எழுதிட்டு இந்த வாசப்படி ஏறாதீங்க. முதல்ல வீட்டுக்கு வாங்க."

சின்னதாக ஒரு குளறல் வந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒயர யாரு மாத்தினதுன்னு கேக்கறார்."

மாமா வந்தார். என்னைப் பார்த்தார், செட்டைத் திருப்பிப் போட்டார், ஒயர் ஒயராகத் தடவினார். எதுவும் மாறியிருக்கவில்லை. பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்குள் கிசுகிசுத்தார். இங்கே வாத்து கத்தியது.

"பீரோ சாவி கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்குங்கறார்" என்றாள் அத்தை. பிறகு கதவைப் பார்த்து, "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

இன்னும் நாலைந்து வாக்கியம் சோதித்தார். புதிதாக ஒரு ஆள் பெயரைச் சொன்னபோது மட்டும் அவள் தடுமாறினாள். மற்றதெல்லாம் சரி. வெளியே வந்த மாமா திரையின் முன்னால் உட்கார்ந்தார். குன்றுகள் இருக்க வேண்டிய இடத்தில் அச்சுப் பிசகாமல் இருந்தன.

"படம் சரியாத்தானே இருக்கு" என்றார். குன்றுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "மொத்தப் பேச்சையும் ஒண்ணாக் கலந்து போட்ட படம் இது. எந்தச் சத்தம் எப்ப வந்துதுன்னு இதுல கிடையாது. சுருதியத்தான் கவுத்துட்டேன். நேரத்த நான் தொடவே இல்ல."

"எதிர்க் கம்பெனி டிரைவர்களும் நாள் பூரா இதைத்தானே கேக்கறாங்க" என்றேன். "ஒரு குளறல் வருது, உடனே இந்தக் கம்பெனி வண்டி ரயிலடிக்குப் போகுது. மறுநாளும் அதே குளறல், அதே ரயிலடி. இடத்தோட பேரப் பழகறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

முதலாளி சாயங்காலம் வரப்போகிறார். சித்தப்பாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெட்டி உதவாது என்று மாமாவின் வாயே சொல்ல வேண்டும். அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் அத்தை. "இத்தனை வருஷத்துல நீங்க இதுல பேசின மத்ததப் பத்தியெல்லாம் நான் ஏதாவது கேட்டேனா?"

"மத்ததா? எது?"

அத்தை பித்தானை எடுத்துக்கொண்டாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று படியிறங்கியவர் திரும்ப ஏறி வந்து எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

புகார் எழுதப்படவில்லை. பெட்டிகள் எல்லாம் ஒரு சாக்கு மூட்டையில் திரும்பி வந்தன. விஷயம் தெரிந்த சித்தப்பா சத்தம் போடவில்லை. அதுதான் மாமாவைப் பயமுறுத்தியது. "அத்தான், இத்தனை நாளா என் முன்னாடி உக்காந்து டீ குடிச்சீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சால்டர் கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இருபது நாள் கழித்து அவராகவே வந்தார். மேஜையை மட்டும் மாமாவுக்கு முதுகு காட்டாத பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இப்போது புதுப் பெட்டி தயாராகியிருக்கிறது. குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளின் வரிசையைக் கலைத்து, பிறகு ஒவ்வொரு துண்டையும் கவிழ்க்கிறது. நேற்று முதல் சோதனை. மாமா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசினார், கொஞ்சம் நீளமாகவே. சித்தப்பா செட்டைத் திருகினார். வாத்துகூட இல்லை, சரளை கொட்டுவது போலச் சத்தம் வந்தது. அத்தை குனிந்த தலை நிமிராமல், தைத்து முடித்த பித்தானையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா வெளியே வந்தார்.

"புரிஞ்சுதா?"

"ஒரு வார்த்தைகூடப் புரியல" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்கணும்" என்றார்.