ஹெலி வந்த மத்தியானம்

ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஞானம்பிகையை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் அவள் வீட்டுவேலை செய்த வீட்டின் எசமானி சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போய்விடுவாள். மற்றத் தமிழ்ப் பெண்களெல்லாம் வியா மக்வேதாக் கடைத்தெருவில் மலிவு உடுப்புப் பார்க்கப் போவார்கள். இவளோ சோறு கட்டிக்கொண்டு, புருசனையும் மகளையும் பஸ்ஸில் ஏற்றி, மலை, பள்ளத்தாக்கு என்று இழுத்துக்கொண்டு திரிவாள்.

அவளுக்கு மலையுச்சி வேண்டும். நாலு பக்கமும் வெளியாகக் கிடக்க வேண்டும். புருசன் இராஜதுரைக்குக் குகை வேண்டும். மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவுகிற அந்த மனிசன், எந்தக் குகைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத் தட்டிப் பார்ப்பான். "இது தாங்கும்," என்பான். ஊரில் குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிப் பழகிய கை, வேறென்ன செய்யும்? கூட வருகிற சனம் சிரிக்கும். ஞானம்பிகை சிரிக்க மாட்டாள்.

சிரிக்க அவளுக்கு என்ன இருந்தது? தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றிச் சுட்ட ஒரு காலையில், பங்கருக்குள் மண் சரிந்து மூத்தவன் செந்தூரனுக்கு மூச்சு முட்டியது. பிள்ளை நீலம் பாய்வதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் இருப்பாள்? தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். இராஜதுரை உள்ளேயே இருந்தான். பிள்ளையின் கழுத்தில் ஹெலி சுட்ட சன்னம் பாய்ந்து உயிர் போனது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிறகு கொழும்பு, இத்தாலி, இளையவள் கிருசாந்தினி என்று காலம் ஓடியது. அந்தக் காலையைப் பற்றி அவன் ஒரு சொல் சொன்னதில்லை. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் மொண்டெல்லோவுக்கு மேலே நிற்கும் மலையில் ஏறினார்கள். ஆபிரிக்காப் பக்கத்துச் சுடுகாற்று முகத்தைப் பொசுக்கியது. தாங்க முடியாமல் பாதி வழியில் ஒரு குகைக்குள் ஒதுங்கிச் சோற்றைப் பிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹெலிச் சத்தம் கேட்டது.

இராஜதுரையின் முகம் வெளுத்துப்போனது. மகளை இழுத்துக்கொண்டு குகையின் கடைசிக்குப் போய், அவளைக் கீழே போட்டு, மேலே கவிழ்ந்து படுத்தான்.

"படு, ஞானம். தலையைத் தூக்காதை. பதிஞ்சு வாறான், சுடப்போறான்."

ஞானம்பிகை வாசலுக்குத் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். ஹெலிக்குக் கீழே பெரிய வாளி ஒன்று தொங்கியது. அது கடல்நீரை அள்ளி வந்து சரிவில் கொட்டியது. மலை எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த புல் படபடவென்று வெடிக்க, நெருப்பு நேரே மேலே ஏறி வந்தது. புகை குகைக்குள் புகத் தொடங்கியிருந்தது. இடது பக்கம் மட்டும் வெறும் பாறை. அதால் ஓடினால் தப்பலாம்.

"இஞ்சேருங்கோ, அது தண்ணி ஊத்திற ஹெலி. கீழை நெருப்பு. எழும்புங்கோ, ஓடுவம்."

"உவங்கள் அப்பிடித்தான். வெளியில வரப் பண்ணிப்போட்டுத்தான் சுடுவாங்கள்."

"இது பலெர்மோ. இஞ்சை ஆர் சுடுறது?"

அவன் காதில் ஏறவில்லை. பிள்ளை அவனுக்கு அடியில் கிடந்து இருமினாள். "பப்பா, விடுங்கோ. மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

ஞானம்பிகை பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பெண்சாதியின் நெஞ்சில் உதைத்தான். பாறையில் மோதி விழுந்தவள் எழுந்து வந்து அவன் விரலைக் கடித்தாள், வாயெல்லாம் இரத்தம். அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்து நிலத்தில் அடித்தான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தரம்கூடக் கைநீட்டாத மனிசன்.

அடித்தபடியே சொன்னான். "அண்டைக்கும் நீதானே அவனை வெளியில கொண்டுபோய்ச் சாகக் குடுத்தனி. இவளைத் தரமாட்டன்."

கையில் அகப்பட்ட கல்லைத் தூக்கி அவன் நெற்றியில் போட்டாள். அவன் பிடி விட்டது. பிள்ளையை உருவி எடுத்து இடுப்பில் வைத்தாள். இனி ஓட வேண்டியதுதான். ஆனால் அவள் ஓடவில்லை. திரும்பி, எழும்ப முடியாமல் கிடந்தவனின் பின்மண்டையில் இன்னொரு தரம் போட்டாள்.

பிள்ளையைப் பாறையில் கொண்டுபோய் இருத்திவிட்டு, திரும்பவும் புகைக்குள் போனாள். அவனுடைய இரண்டு காலையும் பிடித்து இழுத்து வந்தாள். கல்லில் அவன் முதுகுத்தோல் உரிந்தது. உரியட்டும் என்றுதான் இழுத்தாள். தீயணைப்புக்காரர் கண்டு ஓடி வந்தபோது அவளுடைய சேலைக்கரை கருகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரன் வந்து யார் அடித்தது என்று கேட்டான். கல்லில் விழுந்ததாக இராஜதுரை இத்தாலியனில் சொன்னான். நெற்றியில் ஒன்று, பின்மண்டையில் ஒன்று, அது எப்படி விழுந்தாய் என்றான் பொலிஸ்காரன். இரண்டு தரம் விழுந்தேன் என்றான் இவன். பொலிஸ்காரன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

இராஜதுரை கட்டிலோரம் இருந்த ஞானம்பிகையிடம் கேட்டான்.

"முதல் அடி பிள்ளைக்காக. அது எனக்கு விளங்குது. நான் விட்ட பிறகும் ஏன் அடிச்சனி?"

"அது செந்தூரனுக்கு," என்றாள் ஞானம்பிகை. "அண்டைக்கு நீங்களும் எனக்குப் பின்னால ஓடி வந்திருந்தா, அந்தச் சன்னம் பிள்ளையிலை படாமல் உங்களிலை பட்டிருக்கும்."

இராஜதுரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஏழு வருசமாக அவளும் ஒரு சொல்லை அடக்கி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.