அழக்கூடாத பிள்ளை கேட்ட பாட்டு

மகளுக்குக் கண்ணில் தையல் போட்டுக் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று டாக்டர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை அழக்கூடாது.

"அழுதா முக்கும். முக்குனா தையல் விடும். தையல் விட்டா அந்தக் கண்ண என்னால காப்பாத்த முடியாது. மருந்து நாங்க குடுத்துருவோம். அழாமப் பாத்துக்கறது உங்க வேல" என்றார்.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆட்டுப்பட்டிக்குக் கருவேல முள்ளால் வேலி அடைத்திருந்தோம். குட்டி ஒன்று வேலியில் மாட்டிக்கொண்டது என்று அதை எடுக்கப் போனவளின் முகத்தில் முள்கிளை விடுபட்டு அடித்துவிட்டது. வலது கண்ணின் கருவிழி கிழிந்துபோயிற்று. அவளுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. மதுரைக்கு வரும் பஸ்ஸில் அவளை மடியில் கிடத்தி வந்தபோது மீனாட்சியம்மன் பெயரைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கண்ணில் ஆபரேஷன் என்றால் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டிய காலம். அடிபட்டது ஒரு கண் என்றாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. கட்டைப் பிய்த்துவிடாதபடி இரண்டு கைகளையும் துணி நாடாவால் கட்டிலோடு தளர்வாகக் கட்டியிருந்தார்கள். பெரியவர்களாலேயே தாங்க முடியாது. பச்சைப்பிள்ளை எப்படித் தாங்கும்?

மயக்கம் தெளிந்ததும் அவள் அம்மா, "ஆத்தா, நான் இருக்கேன்டா" என்று மெல்லத்தான் சொன்னாள். அவ்வளவுதான். பிள்ளையின் உதடு கோணியது. "அம்மா, அவுத்துவிடும்மா. இருட்டா இருக்கும்மா" என்று உடம்பை வில்லாக வளைத்தாள். சிஸ்டர் ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல நீங்க வெளிய போங்கம்மா. உங்க குரலு கேக்குற வரைக்கும் இது அடங்காது" என்று என் சம்சாரத்தை வாசலுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவள் உள்ளே வந்தாலும் வாய் திறக்கவில்லை. வளையல் சத்தத்தை வைத்தே பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்று கண்ணாடி வளையல்களை மேலே ஏற்றித் துணி சுற்றிக்கொண்டாள். மெட்டியைக் கழற்றிவிடு என்றேன். முறைத்துவிட்டு, காலுக்கும் துணி சுற்றினாள். ஊமை மாதிரி வந்து கொஞ்ச நேரம் பார்ப்பாள். போய்விடுவாள்.

சரி, நாம் பாடலாம் என்று நினைத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் எங்கள் ஊர் பஜனை மடத்தில் முன்பாட்டு என்னுடையதுதான். மார்கழிக் காலையில் என் தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றி வந்த பிள்ளை அது. எந்தப் பாட்டுக்கு என் தலையில் தாளம் போடுவாளோ அதையே மெதுவாக எடுத்தேன். இரண்டு வரி தாண்டவில்லை.

"வீட்டுக்குப் போவோம்பா. வீட்டுல போயி பாடுப்பா."

விசும்பத் தொடங்கிவிட்டாள். கட்டுக்குக் கீழே கன்னத்து எலும்பு துடித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். பாட்டும் கூடாது, பேச்சும் கூடாது என்றால் இந்தப் பிள்ளையை எதைக் கொண்டு அமர்த்துவது? ஆத்தா, என் பாட்டே எனக்குப் பகையாகப் போய்விட்டதே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசக்கூடப் பயந்து, அவள் காலடியில் பூசினேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பாடுறீங்க. நல்லாப் பாடுறதுதான் வம்பு. புள்ளைக்கு வீட்டு நெனப்பு வந்துருது."

கண்புரை எடுத்துக்கொண்டு ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த பெரியவர் அவர். கோரிப்பாளையத்துக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்பியவர். நான் பாய் என்றுதான் கூப்பிட்டேன்.

"கட்டிலுக்கு அடியில நம்ம செட்டு இருக்கு பாருங்க. உள்ள கேசட்டும் கெடக்கு. சத்தத்த நல்லாக் கொறச்சுப் போடுங்க."

"என்ன பாட்டு பாய்?"

"போடுங்களேன். உங்களுக்கும் புரியாது, அதுக்கும் புரியாது. அதுதான வேணும்."

டேப் ரெக்கார்டரை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். முதலில் ஒரு தந்தி வாத்தியம். பிறகு தரையை ஈர்க்குமாறால் மெல்லக் கூட்டுவதுபோல ஒரு சத்தம். அது தோல் வாத்தியத்தைக் கம்பி விளாரால் தடவுவது என்று பாய் பிற்பாடு சொன்னார். அதன்மேல் ஒரு பொம்பளைக் குரல்.

நான் அதுவரை கேட்டதெல்லாம் மைக்கின்முன் நின்று ஊருக்கே பாடும் குரல்கள். இது அப்படி இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆளுக்குச் சொல்வதுபோல் இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தாளம் விழுந்த இடத்தில் அந்த அம்மா பாட்டை எடுக்கவில்லை. தாளம் போனபிறகு, அவசரமே இல்லாதவள்போல் பின்னால் வந்து சேர்ந்தாள். தாளம் தப்பிவிட்டாள் என்று நினைப்பேன். வரி முடியும்போது சரியாக வந்து உட்கார்ந்துவிடுவாள்.

பிள்ளையின் விசும்பல் நின்றது.

"யாருப்பா அது?"

"தெரியலத்தா."

"என்ன சொல்லுது?"

"அதுவும் தெரியல."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வளைந்திருந்த உடம்பு கட்டிலில் படிந்தது. வாசலில் நின்றிருந்த என் சம்சாரம் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கேசட்தான் எங்களுக்குக் காவல். பிள்ளை விழித்திருக்கும்போதெல்லாம் ஓடியது. ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நிற்கும் நேரம்தான் எமன். சத்தம் நின்றதும் "அம்மா" என்று தொடங்குவாள். ஆகவே கடைசிப் பாட்டு வந்ததும் நான் ஸ்டூல் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வேன். நின்றதும் திருப்பிப் போட வேண்டும். சாப்பிடப் போனாலும் காது இங்கேதான் இருக்கும்.

பாய் விவரம் சொன்னார். ஒரு பக்கம் இங்கிலீஷ் பாட்டு, அதற்கு ஜாஸ் என்று பேர். எல்லாம் அந்த ஊர்களில் எல்லோரும் பாடிவரும் பழைய பாட்டுகள்தானாம். ஆளுக்கு ஆள் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடுவார்களாம். மறுபக்கம் போசா நோவா என்ற பிரேசில் தேசத்துப் பாட்டு. இரண்டிலும் பாடுவது அந்த ஒரே அம்மாதான். ஏதோ துறைமுகத்துக் கடையில் ரெக்கார்டிலிருந்து பதிந்து வாங்கியது. உறையும் இல்லை, பேரும் இல்லை.

"அர்த்தம் என்ன பாய்?"

"இங்கிலீசு கொஞ்சம் புரியும். ஒருத்தன நெனச்சு உருகுறதுதான். வேறென்ன? நீங்க சாமிப்பாட்டுக்காரரு, இதெல்லாம் கேக்காதீங்க" என்று சிரித்தார். சிரித்தால் அவருக்கும் கண்ணுக்கு ஆகாது என்று அவர் சம்சாரம் அதட்டினார்.

எனக்கு உறுத்தாமல் இல்லை. சாமி பேரைக் கேட்டால் அழுகிற பிள்ளை, எவனையோ நினைத்து உருகும் பாட்டைக் கேட்டு அமர்கிறதே என்று. அதே நேரம், ஒரே பாட்டை அந்த அம்மா இரண்டாம் தரம் திரும்பி வந்து பாடும்போது முதல் தரம்போல் பாடவில்லை என்பதையும் கவனித்தேன். வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஓசையிலேயே வளைந்து வளைந்து போவாள். கோயிலில் நாயனக்காரர் ராகத்தை விட மனசில்லாமல் சுற்றிச் சுற்றி வருவாரே, அப்படி. இதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் அண்ணன் வந்த அன்றுதான் எல்லாம் தலைகீழானது.

அண்ணன் எங்களுக்கு அப்பா ஸ்தானம். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. பிள்ளையின் பேரில் அர்ச்சனை செய்த பிரசாதமும், அவள் ஊரில் விரும்பிக் கேட்கும் அம்மன் பாட்டுக் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். கட்டு மாற்றுவதற்காகப் பாயையும் அவர் சம்சாரத்தையும் வேறு அறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். பிள்ளை விழித்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாயில் விரலை வைத்துப் பேசவேண்டாம் என்று கைகாட்டினேன். அண்ணன் காதுக்குள் வந்து, "என்னடா கருமம் இது?" என்றார்.

"புள்ள அழாம இருக்குண்ணே."

"ஆத்தா பேரச் சொல்லி நேந்துக்கிட்டு, வெள்ளக்காரி பாட்டையா போட்டு வச்சிருக்க? கண்ணு எப்படிறா வெளங்கும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் செட்டை நிறுத்தி, கேசட்டை மாற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டார். உடுக்கைச் சத்தம் எழுந்தது.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. மலர்ந்து, "பெரியப்பா" என்றது.

"பாத்தியா? புள்ளைக்குத் தெரியுது" என்றார் அண்ணன்.

"பெரியப்பா, திருவிழாவா? என்னயத் தூக்கு. அம்மா எங்க? அம்மா" என்று கைகளை இழுத்தாள். நாடா இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. மணல் மூட்டையைத் தாண்டித் தலை நகர்ந்தது. வாசலில் என் சம்சாரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

நான் போய்ச் செட்டை நிறுத்தினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இருடா. ரெண்டு நிமிசம் அழுதிட்டு அடங்கிரும்."

"அண்ணே, கைய விடுங்க. வெளிய போங்க."

அவர் விட்டுவிட்டார். நான் சொன்னதற்காகவா, சொன்னவன் நான் என்பதற்காகவா, தெரியாது. விடுவிடென்று வெளியே போனார்.

கேசட்டை மாற்றினேன். அவசரத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கினால் வெறும் இரைச்சல்தான் வந்தது. பாட்டு இல்லாத இடம். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தபடி பிள்ளையின் தலையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் அழுகைக்காக மூச்சை உள்ளே இழுத்தது என் கைக்குத் தெரிந்தது. இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆத்தா, பாடச் சொல்லு, பாடச் சொல்லு என்று வேண்டினேன்.

தந்தி ஒலித்தது. அந்த அம்மா வந்தாள். வழக்கம்போல் தாளத்துக்குப் பின்னால், அவசரமில்லாமல். வாங்கிய மூச்சைப் பிள்ளை விடாமல் வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

ஆனால் வலது கண்ணின் கட்டுத்துணியில் ஈரம் படர்ந்திருந்தது. கண்ணீரா, வேறு ஏதுமா? சிஸ்டர் பார்த்துவிட்டு, "டாக்டர்தான் சொல்லணும். ஆபரேஷன்ல இருக்காரு" என்றார். அந்தக் காத்திருப்பை என்னால் எழுத முடியாது. ஈரம் பெரிதாகிறதா என்று பார்ப்பேன். பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்ப்பேன். பாய் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அவர் ஓதினார், நான் வேண்டினேன், நடுவில் அந்த அம்மா பாடினாள்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். டார்ச்சைக் காட்டி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "அழுத கண்ணீருதான். தையல் நிக்குது" என்றார்.

நான் அண்ணனைத் தேடிப் போனேன். ஊருக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம், உள்ளே கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் நின்றிருந்தார். "நிக்குதுண்ணே" என்றேன். தலையை ஆட்டினார். "நான் வரலடா உள்ள. என் குரலும் ஆகாதுல்ல" என்றார்.

கட்டை முழுக்க எடுத்த அன்று பிள்ளை கூசிக் கூசிக் கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தது. சிஸ்டரைப் பார்த்தது. பாய் சம்சாரத்தைப் பார்த்தது. கடைசியில் அம்மாவைப் பார்த்து, "நீயாம்மா பாடுன?" என்று கேட்டது.

அத்தனை நாளும் ஊமையாக இருந்தவள் வாய் திறந்தாள். "நான் இல்லடா. நான் வெளியதான் நின்னேன்."

பிள்ளை ஓவென்று அழுதது. நாங்கள் பதறி டாக்டரைப் பார்த்தோம். "இப்பப் பயமில்ல. தூக்கிக்கங்க" என்றார்.

வலது கண்ணில் இன்றும் வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. பார்வை மங்கல்தான். ஆனால் கண் இருக்கிறது.

ஊர் திரும்புமுன் எல்லோரும் மீனாட்சி சன்னதிக்குப் போனோம். பிள்ளை பேருக்கு அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு தேங்காய்த் தட்டை நீட்டினேன். "இது யாருக்கு? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் பட்டர்.

"பேரு தெரியாது சாமி."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ஒரு பாட்டுக்காரம்மா. கடலுக்கு அங்கிட்டு எங்கயோ இருக்காங்க."

பட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் கூட்டம் முட்டியது. அப்போது அண்ணன் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்க தங்கச்சின்னு வச்சுக்கங்க சாமி. ரோகிணி" என்றார்.

ரோகிணி அண்ணனுடைய நட்சத்திரம்.