லெய்மாரா அண்ணியும் நாலு வரிப் பட்டியலும்

எங்கள் ங்கூனா தீவின் பாலர் பள்ளியில் லெய்மாரா அண்ணி பதினோரு வருஷமாக டீச்சர். சான்றிதழ் மட்டும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கடைசிக் கட்டுரையை அனுப்பினால் சான்றிதழ் கிடைக்கும். தவறினால் வேலை போய்விடும். கட்டுரையோ பழைய லேப்டாப்புக்குள் இருந்தது. லேப்டாப் முந்தின நாளே படுத்துவிட்டது.

அன்று காலை எட்டு மணிக்கு லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடு அவரிடம் போனேன். அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பிக் கட்டுரையை எடுத்துவிடலாம் என்று பெரிய கெட்டிக்காரனாக நினைப்பு. செருகியதும் நாலு வரி வந்தது: சாதாரணத் தொடக்கம், எளிய திரையோடு தொடக்கம், நிறுவுதல், நினைவகச் சோதனை. முதல் வரியைத் தட்டினேன். திரை கறுத்தது.

"வருமா தம்பி?"

"பழசு இல்லியா அண்ணி. மெதுவாத்தான் வரும்."

அந்த லேப்டாப்பில் அந்த வரிக்குப் படம் வரவே வராது. எனக்கு அது தெரியவில்லை. படகு வரும்வரை கரையில் உட்கார்ந்தே வளர்ந்த ஜனம் நாங்கள். கறுத்த திரைக்கும் அப்படியே உட்கார்ந்தோம். இலையில் பொதிந்து சுட்ட கிழங்கு லாப்லாப் தின்றோம். அணைத்துப் போட்டு, மறுபடி அதே வரி, மறுபடி காத்திருப்பு. நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றரைக்கு அண்ணி என் தோளில் தட்டினார். "ரெண்டாவது வரியத் தொட்டா செத்தா போயிடுவ?"

அணைத்துப் போட்டு, தொடத்தான் பார்த்தேன். கீழ் அம்பு விசையை உப்புக் காற்று தின்றிருந்தது. எத்தனை அழுத்தியும் நகரவில்லை. அண்ணி என்னைத் தள்ளிவிட்டு, கண்ட விசையையெல்லாம் குத்தினார். 'எண்ட்' விசை ஒரே தாவலில் கடைசி வரிக்குப் போனது. அங்கிருந்து மேல் அம்பால் ஏறினார். 'நிறுவுதல்' வந்ததும் கையைப் பிடித்தேன்.

"இதுல என்டர் தட்டிராதீங்க. கட்டுரையே அழிஞ்சாலும் அழிஞ்சிரும்."

"தெரியுது, கைய விடுறா."

இன்னொரு முறை மேலே. என்டர். படம் வந்தது. கட்டுரையும் இருந்தது. என் போன் இணையத்தில் அனுப்பி முடித்தபோது மணி நாலு ஏழு. நேரம் முடிந்தது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது.

நான்தான் அழுதேன். "என்னாலதான் அண்ணி."

"நீ மட்டுமா உக்காந்திருந்த? நானுந்தான உக்காந்திருந்தேன்."

திங்கட்கிழமை, அண்ணிக்கு இனி வேலை இல்லையென்று தகவல் வந்தது. புது டீச்சர் வரவில்லை. இருபத்து மூன்று பிள்ளைகள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள். அண்ணி போய்த் திறந்தார். ஆறு மாதம் சம்பளமில்லாமல் திறந்தார்.