எல்லாருக்கும் ஒரு குச்சி

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். பால் என்றாலும் சரி, விளக்கெண்ணெய் என்றாலும் சரி. ஒருத்திக்கு வயிறு சரியில்லை என்று விளக்கெண்ணெய் புகட்டினால், கல்லையும் செரிக்கும் வயிறு வைத்திருந்த நாங்களும் வரிசையில் நின்று வாயைத் திறக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நல்லம்மாள் ஆயா. துரை போட்ட சட்டத்தை மீறினாலும் மீறலாம், ஆயாவின் சட்டத்தை மீற முடியாது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் அம்மாக்கள் விடிந்ததும் எங்களை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகள் தூளியில் ஆடும். ஏழெட்டு வயதான பெரிய மனுஷிகள் நாங்கள், பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை அங்கேதான். மலாயாவில் அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அரிசியைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கொட்டகைக்கு வரும் பால்டின்னை பதுக்கிவைக்க முடியாதபடி வாசலிலேயே ஓட்டை போட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். பெரியவர்களுக்கு அது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கோ நினைத்தாலே இனிக்கிற காலம். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போக முடிந்தால் இன்றைக்கே போய்விடுவேன்.

ஆயாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, கீழ்ப்பற்கள் மேல்பற்களை மறைத்துக்கொண்டு நிற்கும். வேற்று ஆள் யார் வந்தாலும் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். இளம் வயதில் ரவாங் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்களாம்.

"இன்னும் சொல்லி அனுப்பிக்கிட்டுதான் இருக்காங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். முந்தானை இல்லாத அந்தச் சிரிப்பு பிள்ளைகள் எங்களுக்கு மட்டும்தான்.

சன்னாசியின் மகள் நவமணி என் சோட்டுக்காரி. அவளுக்குப் பால்பல் விழுந்து புதிதாக முளைத்த மேல் முன்பற்கள் இரண்டும் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தன. பெற்ற தாய் வள்ளியம்மாவே கவனிக்கவில்லை, ஆயா கவனித்துவிட்டாள். கோலா சிலாங்கூரிலிருந்து மாதம் ஒருமுறை பல் பார்க்க வரும் யூஜினியா மிஸ்ஸியின் முன்னால் நவமணியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"மிஸ்ஸி, இதுவும் என்னை மாதிரி ஆயிருமா?"

மிஸ்ஸி வாயைத் திறந்து பார்த்தார். "பல்லு இப்பதான் இறங்குது, ஆயா. இப்பவே வெளியே தள்ளிட்டா சரியா நிக்கும். முழுசா இறங்கிட்டா பூட்டு மாதிரி மாட்டிக்கும். அப்புறம் தாடை வளர்றதும் அந்த வழிக்கே போகலாம்."

தொண்டை பார்க்கும் பட்டைக் குச்சி ஒன்றை எடுத்துச் செய்து காட்டினார். உள்ளே போன பற்களுக்குப் பின்னால் குச்சியைச் சாய்த்து வைத்து, கீழ்ப்பல் மேல் தாங்கிக் கடித்துக்கொண்டு, வெளிமுனையைத் தாடைப் பக்கம் மெல்ல அழுத்த வேண்டும். தினமும் விடாமல் செய்ய வேண்டும், பல் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

"நானும் சின்னதுல இப்படிக் கடிச்சிருந்தா?" என்று ஆயா முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"தெரியல ஆயா. உங்களுது எலும்பே அப்படி வளர்ந்திருக்கலாம்" என்றார் மிஸ்ஸி. ஆயா அதற்குமேல் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாளே வம்பு வந்தது. நவமணி குச்சியும் வாயுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நாய் எலும்பு கடிக்குது" என்று நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். அவள் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓவென்று அழுதாள். கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை, மிரட்டியும் திறக்கவில்லை. ஆயா இடுப்பில் கைவைத்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மத்தியானமே சன்னாசியிடம் சொல்லி, பழைய பெட்டிப் பலகையில் குச்சிகள் சீவி வழவழப்பாக்கி வாங்கிவிட்டாள். பால் காய்ச்சும் சட்டியில் அவற்றை வேகவைத்து, ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"ஒருத்திக்குன்னா எல்லாருக்கும். கடிங்க."

கடித்தோம். காலையில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, எச்சில் ஒழுக ஒழுக. மற்றவர்கள் பேருக்குக் கடித்தார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நவமணியை மட்டும் ஆயா தட்டிக்கொடுத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல். அவளைவிட ஒரு அழுத்து கூடவே அழுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோலா சிலாங்கூர் சாலையில் யாரோ ஒரு லோரியைச் சுட்டுவிட்டார்கள். மிஸ்ஸியின் வருகை நின்றது. எங்கள் லயத்திலிருந்து சோறு காட்டுக்குப் போகிறது என்று நாள் முழுக்க ஊரடங்கு போட்டார்கள். வேலை இல்லை, பள்ளி இல்லை, கொட்டகைக்கும் பூட்டு. வாசற்படியைத் தாண்டக் கூடாது. அவரவருக்கு உயிர் பயம், பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? மற்றவர்கள் கடிப்பதைப் பார்க்காததால் நவமணியும் குச்சியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டாள்.

ஆயாவின் வீடு எதிர்லயத்தில். நவமணியின் வெறும் வாயை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். பல் இறங்கிக்கொண்டே இருக்கிறது, மிஸ்ஸி சொன்ன பூட்டு விழப்போகிறது. படியைத் தாண்டினால் சுடுவார்கள். என்ன செய்வாள்? காலி பால்டின்னை எடுத்து, கரண்டியால் டமடமவென்று அடித்தாள்.

"கொட்டாய்ப் புள்ளைங்களா! எல்லாம் படிக்கு வாங்க! குச்சிய எடுங்க! கடிங்க!"

வாசலுக்கு வாசல் நாங்கள் வந்து உட்கார்ந்தோம். நானும் வந்தேன், கடைசியில் நவமணியும் வந்தாள். அன்றும் மறுநாளும் டின் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் காவல்காரர் ஓடி வந்தார். காட்டுக்கு சிக்னல் கொடுக்கிறாளென்று நினைத்திருப்பார். துப்பாக்கியை ஆயாவின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, என்ன சத்தம், ஏன் முகத்தை மூடுகிறாய் என்று மலாயில் அதட்டினார்.

ஆயா கரண்டியைக் கீழே போட்டாள். அப்போதும் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

"கிகி, எஞ்சே, கிகி" என்றாள். பல்லுங்க ஐயா, பல்லு.

அவருக்கு விளங்கவில்லை. நவமணிதான் எழுந்து, குச்சியைக் கையிலெடுத்து, ஈயென்று பல்லைக் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு லயத்திலும் படிக்குப் படி ஒரு பிள்ளை, வாயில் ஒரு குச்சி. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாள் ஆயா டின் அடிக்கத் தாமதமானபோது, வாசல் காவல்கூண்டிலிருந்து அவரே "கிகி! கிகி!" என்று கத்தினார்.

ஊரடங்கு எடுத்து, சாலை திறந்து, மிஸ்ஸி வந்த அன்று ஆயா நவமணியை முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தாண்டிருச்சு ஆயா!" என்றார் மிஸ்ஸி. நவமணியின் மேல் பற்கள் இரண்டும் கீழ்ப்பற்களுக்கு முன்னால் அழகாக நின்றன. ஆயா முந்தானைக்குள் அழுதாள், சந்தோஷத்தில்.

அடுத்து நான் வாயைத் திறந்தேன். மிஸ்ஸியின் முகம் மாறியது. நேராக முளைத்த என் முன்பல் ஒன்று உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"லில்லியனுக்கு யாரு குச்சி குடுத்தது? பல்லு நல்லாத்தானே இருந்துச்சு!"

"கொட்டாய் சட்டம் மிஸ்ஸி" என்றாள் ஆயா, குரல் எழும்பாமல்.

மிஸ்ஸி திட்டித் தீர்த்துவிட்டார். குச்சியை நிறுத்தினால் உதடே ஓரளவு பல்லை உள்ளே தள்ளும் என்றார். ஓரளவுதான் தள்ளியது. அன்றிலிருந்து என் பாலில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழும். ஆயா தன் சட்டத்தைத் தானே மீறியது எனக்காக மட்டும்தான். அந்தப் பாலின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அவசரகாலம் முடிந்தது, முள்கம்பி போனது, நவமணிக்குக் கல்யாணமும் ஆனது. என்னைப் பெண் பார்க்க கோலா சிலாங்கூரிலிருந்து ஜூலியஸ் வீட்டார் வந்தார்கள். ஜெபம் சொல்லி, காப்பி குடித்து, எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் சிரித்துத் தொலைத்தேன். ஜூலியஸின் அம்மா மாடில்டா என் பல்லையே பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, நாங்க சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அடுப்படிக் கதவோரம் நின்றிருந்த ஆயா அந்த வார்த்தையைக் கேட்டதும் கூடத்துக்கே வந்துவிட்டாள். அப்பா சூசைமுத்து தடுக்கப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. வேற்று மனிதர்கள் அத்தனை பேர் முன்னால் முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள்.

"என் வாயப் பாருங்கம்மா. இது பொறவி. அந்தப் புள்ள பல்லு பொறவியில்ல, என் கைவேல. ஒரு புள்ள என்னை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு இவளையும் குச்சி கடிக்க வச்சேன். கொற எம்மேல. அவள விட்டுட்டுப் போயிராதீங்க."

மாடில்டா எழுந்தார். போகப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஆயாவின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"இனி சொல்லி அனுப்ப என்னக்கா இருக்கு? இப்பவே சொல்லிடுறோம்" என்றார்.

ஆயா சிரித்தாள். முந்தானை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது, அதை எடுக்க மறந்தே போனாள்.