ஐந்தருவிச் சாலையில் சம்பந்தியின் ஓட்டம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. நான் வருவாய்த் துறையில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து நகர்ந்தே ஓய்வு பெற்றவன். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு. இந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவனுக்குச் சீசன் என்றால் அருவியில் தண்ணீர் வருவது அல்ல. வீட்டுக்கு விருந்தாளி வருவது. பதினோரு மாதம் நம் நினைவே இல்லாதவர்கள்கூட, "அருவில தண்ணி எப்படி?" என்று நலம் விசாரிப்பார்கள்.

நான் மனதார எதிர்பார்க்கும் விருந்தாளி ஒருவர் உண்டு. என் மகனின் மாமனார். திருவேங்கடத்துக்காரர். மழை வேண்டுமென்றால் மனு எழுதி, நினைவூட்டலும் அனுப்பிக் காத்திருக்க வேண்டிய வறண்ட பூமி அது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சீசனுக்குச் சீசன் மனைவியோடு வந்து எங்கள் வீட்டில் சில நாள் தங்குவார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. பள்ளியில் சேர்த்தபோது இருவருக்குமே வாய்க்கு வந்த தேதியைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

அவருடைய பையில் ராணுவ கேன்டீனில் வாங்கிய ரம் ஒன்று, துண்டில் சுற்றியபடி வரும். சாயங்காலம் இருவரும் சாரல் பார்க்கப் போவதாக அறிவித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போவோம். மனைவியருக்குத் தெரியாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு நடைமுறை வகுத்தவன் நான். கண்ணாடி டம்ளர் காட்டிக்கொடுக்கும் என்பதால் எவர்சில்வர் டம்ளர். குடித்து முடித்ததும் அதை நாங்களே கழுவிக் கவிழ்த்துவிடுவோம். பிறகு கிராம்பு, அதன்மேல் வெற்றிலை. கோப்பில் தடயம் இருக்கக் கூடாது என்பது நான் பணிக்காலத்தில் கற்ற முதல் பாடம்.

அன்று சாரலோடு காற்றும் சேர்ந்துகொண்டது. சம்பந்தி வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் "போதும்" என்று எப்படிச் சொல்வது? பந்தியில் பரிமாறுகிறவன்கூடச் சொல்லக் கூடாத சொல் அது. அதுவும் நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். எனவே வானிலை குறித்துப் பேசினேன்.

மறுநாள் நால்வரும் ஐந்தருவியில் குளிப்பதாகத் திட்டம். விடிந்தும் விடியாமலும் சம்பந்தி என் அறைக் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் மழித்து, காலில் கேன்வாஸ் ஷூ மாட்டி, அணிவகுப்புக்கு வந்தவர்போல் நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணாச்சி, பட்டாளத்துல ராத்திரி பார்ட்டின்னா காலைல பி.டி. கண்டிப்பா உண்டு. வேர்த்துச்சுன்னா எல்லாம் இறங்கிரும். வீட்டுலயும் சந்தேகம் வராது."

எனக்குத் தலைக்குள் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் அவர் சொன்ன கடைசிக் காரணம் நிர்வாக ரீதியாகச் சரியென்று பட்டது. குடித்தவன் குப்புறக் கிடப்பான். ஓடுகிறவனை யார் சந்தேகிப்பார்கள்? குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று காப்பிகூடக் குடிக்கவில்லை. அவர் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கினார். அவர் ஒழுங்கான மனிதர்.

ஆட்டோ பேரருவிப் பக்கம் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு, பெண்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிற்று. நாங்கள் அந்தச் சாலையில் பின்னாலேயே நடந்து போவதாகப் பேச்சு. கேன்வாஸ் ஷூ போட்ட மனிதர் நடக்கவில்லை, ஓட ஆரம்பித்தார். ஆட்டோவின் பின்பக்கத்துத் திறப்பு வழியாக அவர் மனைவி திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பெருமையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சாலை லேசான ஏற்றம். ரம்புட்டான் கடைக்காரர்கள் அப்போதுதான் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். சம்பந்தி திரும்பி, "என்ன அண்ணாச்சி, பைல் நகருத மாதிரி வாரிய?" என்றார்.

"பின்னால யாரும் சுடலையே அண்ணாச்சி, மெதுவாப் போவமே" என்றேன்.

இருவரும் சிரித்தோம். எனக்கு நெஞ்சு அடைத்தது. நின்றால் போதும் என்றிருந்தது. ஆனால் விருந்தாளி ஓடும்போது வீட்டுக்காரன் எப்படி உட்கார்வது? அதனால் வேண்டுகோளை வேடிக்கையாக்கிச் சொல்லியிருந்தேன். பிற்பாடு அவர் சொன்னதைக் கேட்டால், அவருக்கும் முதல் வளைவிலேயே முடியாமல் போயிருந்திருக்கிறது. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் அப்பாவிடம் "முடியல" என்று முதலில் சொல்வதா என்று அவரும் ஓடியிருக்கிறார். இப்படியாக, நிற்க விரும்பிய இருவர் ஒருவருக்காக ஒருவர் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒரு திருப்பத்தில் அவர் நின்றார். சாலையோரக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சாரலில் என் உடம்பு குளிர்ந்து கிடந்தது. அவருக்கோ கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நெஞ்சு படபடங்குது, அம்புட்டுதான். நீங்க நடங்க, நான் வாரேன்" என்றவர், அப்படியே என் தோளில் சரிந்தார்.

அவசரகாலத்தில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பலருக்கும் பயிற்சி கொடுத்தவன் நான். அன்று கைப்பேசியை எந்தப் பைக்குள் வைத்தேன் என்பதே தெரியவில்லை. ஐந்தருவியிலிருந்து இறங்கி வந்த கேரளக் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. தலை ஈரம் சொட்ட ஒரு கணவனும் மனைவியும். எதையும் கேட்கவில்லை. அந்தப் பெண் பின்கதவைத் திறந்துவிட்டு, "பேடிக்கண்டா சாரே, கேறிக்கோ" என்றாள். பயப்படாதே, ஏறிக்கொள் என்று புரிந்துகொள்ள மலையாளம் தெரிய வேண்டியதில்லை. தன் உலர்ந்த துண்டைச் சம்பந்தியின் தலைக்கு அணை கொடுத்தாள். தென்காசியில் ஒரு மருத்துவமனை வாசலில் எங்களை இறக்கி, ஸ்ட்ரெச்சர் வரும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்கள். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வழியிலேயே என் மனைவிக்குப் பேசியிருந்தேன். லேசான மயக்கம் என்று சொன்னேன். தகவலைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. நாங்கள் உள்ளே போன சிறிது நேரத்தில் இருவரும் வந்து, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

இளம் பெண் மருத்துவர். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஓடுகிற தாளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், நேற்று மது ஏதாவது எடுத்தாரா என்று.

சம்பந்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிற பார்வை. நான் பதில் சொன்னேன்: "நேற்றுச் சாயங்காலம் ஆகாரம் கொஞ்சம் கனமாகிவிட்டது."

பிழையில்லாத வாக்கியம். அதில் ஒரு சொல்லையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதித்தான் பதவி உயர்வுகள் வாங்கினேன். மருத்துவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து, "சார், நான் கேட்டது அது இல்ல. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. எந்த மருந்து குடுக்கலாம், எது கூடாதுன்னு நான் இப்ப முடிவு பண்ணணும்" என்றார்.

இவ்வளவு தெளிவாக என்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. அப்போதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மனைவிக்கு முன்னால், என் மனைவிக்கும் முன்னால், சம்பந்தியை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவருடைய மானம் என் கையில் இருப்பதாக நினைத்தேன். உயிரும் அதே கையில் இருந்தது உறைக்கவில்லை.

சம்பந்தியம்மா முன்னால் வந்தார்.

"குடிச்சிருக்காவ டாக்டர். சாயங்காலம் மாடில உக்காந்து நெறைய குடிச்சிருக்காவ. காலைல பிபி மாத்திரையைப் போட்டாவ. பச்சத்தண்ணி குடிக்கல. வெறும் வயித்தோட ஓடியிருக்காவ."

பார்த்தீர்களா அம்மா என்று மருத்துவர் கேட்டார்.

"பாக்கணுமாக்கும்? மத்த நாளு இவுக நடப்பாவ. குடிச்ச மறுநாத்தான் ஓடுவாவ. பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்த நாள்லேருந்து அந்த ஓட்டத்தை வச்சுத்தான் எனக்குத் தெரியும்."

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். அது மயக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. சொட்டு மருந்து ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், இதயத்தைப் பார்க்கிறவரை வரவழைத்தார்கள். மருத்துவர் என்னையும் உட்காரவைத்து அழுத்தம் பார்த்தார். வேர்வையில் சரக்கு இறங்கிவிடும் என்ற ராணுவக் கோட்பாட்டை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மதுவை இறக்குவது கல்லீரல், அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும், நீங்கள் ஓடினாலும் உட்கார்ந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்றார். குடித்ததே உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது, மிச்சத்தை ஓடி வெளியேற்றியிருக்கிறீர்கள், இதயம் தடுமாறாமல் என்ன செய்யும் என்று கேட்டார். அதே வேர்வையோடு போய் அருவியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா தலை நிமிராமல் இருந்தார். என் மனைவிதான் முதலில் பேசினாள்.

"எனக்கும் தெரியும் மதினி. காலைல அடுக்களையில ரெண்டு டம்ளரும் பளபளன்னு கவுந்து கெடந்துச்சு. இவுக டம்ளர் கழுவி நான் என்னைக்குப் பாத்தேன்?"

நான் எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தொடங்கினேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவியளேன்னுதான் வாயத் தொறக்கல" என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆட்டோவுலயே சொல்லியிருக்கணும் மதினி. இவுக ஓடுததைப் பாத்ததுமே வண்டிய நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னா நீங்க என் மவளைப் பத்தி என்ன நெனப்பியளோ, குடிகாரன் மவன்னு ஒரு சொல்லு வந்துருமோன்னு முழுங்கிட்டேன்."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கோப்பு எங்கள் நால்வரின் மேசைக்கும் வந்திருக்கிறது. நால்வரும் பார்த்திருக்கிறோம். அடுத்தவருக்குத் தெரியாது என்று நம்பி, ஒருவரும் குறிப்பு எழுதவில்லை. அலுவலகத்தில் இப்படி நடந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் போடலாம். வீட்டில் இதற்கு மரியாதை என்று பெயர். உள்ளே உண்மையைச் சொல்ல வேண்டி வந்தபோது, இழப்பதற்கு அதிகம் இருந்தது அந்த அம்மாவுக்குத்தான். மகள் வாழப்போன வீட்டுக்காரர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்க அவர் சொன்னார். எனக்கு இழக்க ஒன்றுமே இல்லை. நான் ஆகாரம் கனமானதைப் பற்றி வாக்கியம் அமைத்தேன்.

மறுநாள் துடிப்பு சீரானது. இனிக் குடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, வேறு மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தி நேராக அடுக்களை வாசலில் போய் நின்று, என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. "மொதல்ல கஞ்சி குடிங்க அண்ணாச்சி, மத்ததை மெதுவாப் பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

குடியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். என் முன்னிலையில் குடிக்கவில்லை. அதற்குமேல் நான் சான்றளிக்க முடியாது. என்னைப் பற்றிச் சான்றளிக்க என் மனைவி இருக்கிறாள். அடுக்களையில் டம்ளர்கள் இப்போது கழுவப்படாமல்தான் கிடக்கின்றன.

இந்தச் சீசனுக்கும் இருவரும் வந்தார்கள். மாடியில் சாரலை மட்டும் பார்த்தோம். காலையில் காப்பி, இட்லி எல்லாம் முடித்துவிட்டு அதே ஐந்தருவிச் சாலையில் நடந்தோம். அந்தத் திருப்பம் வந்ததும் சம்பந்தி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியல அண்ணாச்சி. செத்த இருந்துட்டுப் போவம்" என்றார்.

அவர் மூச்சு சீராகத்தான் இருந்தது. இரைத்துக்கொண்டிருந்தவன் நான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "எனக்கும்தான் முடியல" என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் பணிக்காலம் முழுதும் ஒருவரிடமும் சொல்லத் தெரியாத அந்த இரண்டு சொற்களை, பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அந்தச் சுவர் எனக்கு இன்றும் நினைவூட்டுகிறது.